மென்காற்றில் மிதக்கும் விமானம்

புத்தளக் கடற்கரையிற் பிறந்து வளர்ந்தார்க்குக் காற்றைப் பற்றி எடுத்துரைக்கப் புகுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதனை ஒக்கும். வாடை எப்பொழுது திரும்பும், கச்சான் எப்பொழுது தணியும், கொண்டல் வீசும் நாளில் வலை வளைக்கலாமா என்பனவற்றை உடப்பிலும் கற்பிட்டியிலும் உள்ள மீனவச் சிறுவன் எழுத்தறியு முன்னரே அறிந்துவிடுகின்றான். ஆயினும் அக்காற்றைக்கொண்டு நம் மாணாக்கர் அண்மைக் காலத்தில் ஆடத் தொடங்கியுள்ள விளையாட்டொன்று பழைய மாணவர் பலர்க்குப் புதியதாயிருக்கும். பட்டத்துக்கு உள்ளதுபோல் நூல் இல்லை. ஆகாயவிமானத்துக்கு உள்ளதுபோல் இயந்திரமும் இல்லை. கையிலுள்ள சிறு பெட்டியினின்று புறப்படும் வானொலி அலையால் வழிநடத்தப்பட்டு, மணல்மேட்டின் முகப்பில் மோதி மேலெழும் காற்றிலே நெடுநேரம் மிதந்து நிற்கும் சிறு விமானமே அது. அதனைச் சறுக்கு விமானம் என்பாரும் மிதவை விமானம் என்பாரும் உளர். அது சறுக்குவதும் உண்மை, மிதப்பதும் உண்மை; ஆதலின் பெயர்ப் பூசலில் இறங்காது, மாணாக்கர் நாவில் வழங்கும் கிளைடர் என்னும் சொல்லையே ஈண்டு ஆள்வாம்.

தமிழாசிரியர்க்கு இதில் யாது தொடர்பு எனச் சிலர் நகைக்கக்கூடும். ஓட்டுநன் செலுத்தாமலே செல்லும் வானவூர்தி ஒன்றை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் புறநானூற்றின் 27ஆம் பாட்டிற் குறித்துள்ளார். அப்பாட்டைக் கற்பித்த நாளில் வகுப்பில் எழுந்த வினாக்களே பொழுதுபோக்குக் கழகத்தின் பொறுப்பை எம் தலையில் ஏற்றின. புலவர் கூறிய ஊர்தி நல்வினை முடித்தார் விண்ணுலகு புகுவதற்கு உரியது. அதற்கு வலவன் வேண்டா. நம் மாணாக்கரின் ஊர்திக்கோ வலவன் உண்டு; அவன் நிலத்தில் நிற்கின்றான், அவ்வளவே.

வெளிநாட்டில் வாழும் பழைய மாணவர் சிலர், விடுமுறையில் வரும்போது கழகத்துக்கு ஒரு கிளைடர் வாங்கி வரலாமா, எதனை வாங்கலாம் என எம்மை வினவியுள்ளனர். மாணாக்கரும் கைச்செலவுப் பணத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு அதே வினாவுடன் வருகின்றனர். பணம் மிக்கவர்க்கு இவ்வினா பெரிதன்று. ஒன்று பிழைத்தால் மற்றொன்று வாங்குவர். ஓராண்டு சேர்த்த பணம் ஒருமுறையே செலவாகும் வீட்டுப் பிள்ளைக்கு அவ்வாறன்று. கழகத்தைச் சேர்ந்த மூவர் கூட்டாகப் பணம் இட்டு, போர்விமானத்தின் சாயலில் அமைந்த அழகிய கிளைடர் ஒன்றைத் தருவித்தனர். அது வந்த மாதம் ஏப்ரல். மணல்மேட்டிலிருந்து வீசியபோது அம்பெனப் பாய்ந்து, ஒருமுறை திரும்ப முயன்று, நீர்விளிம்பில் மூக்குக் குத்தி வீழ்ந்தது. மூன்றாம் வீச்சில் அலை அதனைக் கொண்டுபோயிற்று. விமானத்தில் குறை ஏதும் இல்லை. நாற்பது மீற்றர்க் குன்றும் கடுங்காற்றும் வாய்த்த இடத்தில் அது நன்றே பறந்திருக்கும். நம் கரைக்கும் நம் பருவத்துக்கும் அது பொருந்தவில்லை என்பதே செய்தி.

கற்பிட்டியென்றாற் பலர்க்கும் பெருங்காற்றே நினைவுக்கு வருகின்றது. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றை நாடிப் பட்டத்தாற் கடலில் சறுக்கும் விளையாட்டினர் பல நாடுகளினின்றும் இங்கே வருகின்றனர். 2010ஆம் ஆண்டில் மாம்புரியிற் காற்றாலைகள் நிறுவப்பட்டதும் இக்காற்றை நம்பியே. ஆதலின் இக்கரைக்குப் பாரமும் வேகமும் உடைய கிளைடரே ஏற்றது என்று ஒருவர் எண்ணுவது இயல்பு. ஆனால், அக்காற்று விநாடிக்கு எட்டு மீற்றரும் அதற்கு மேலுமாய் மணலை வாரி இறைக்கும் காலத்தில் பழகுநன் ஒருவன் கிளைடரை ஏவுவது அறிவுடைமை ஆகாது. சித்திரை விடுமுறையும் அதனையொட்டிய மார்ச்சு, ஏப்ரல் மாதங்களும் இரு பருவக்காற்றுக்களுக்கு இடைப்பட்டவை. ஒக்டோபர், நவம்பர் மாதங்களும் அத்தகையனவே. அந்நாட்களில் நமக்குக் கிடைப்பது கடற்காற்று ஒன்றே. காலை வெயிலில் நிலம் கடலினும் விரைந்து சூடேற, நிலத்தின் மேலுள்ள காற்று இலேசாகி எழ, அவ்விடத்தை நிரப்பக் கடலின்மேலுள்ள குளிர்ந்த காற்றுக் கரைநோக்கி வருகின்றது. முற்பகலிற் சிறுகத் தொடங்கிப் பிற்பகலில் விநாடிக்கு மூன்று முதல் ஐந்து மீற்றர் வரை வளர்ந்து, பொழுது சாயும்போது அடங்கும். பாடசாலை விட்டு, உணவருந்தி, மாணாக்கன் மணல்மேட்டை அடையும் நேரத்துக்கு அது சரியாகப் பொருந்துகின்றது. டிசம்பர் முதல் பெப்புருவரி வரை வீசும் வாடையோ நிலப்புறமாக வந்து கடலை நோக்கிச் செல்வது. மேட்டின் கடல்முகத்தில் அது மேலெழாது, கீழேயே இறங்கும்.

இங்ஙனமாக, நாம் தேடவேண்டியது மென்காற்றிலும் தாழ்ந்த மேட்டிலும் மிதக்கவல்ல கிளைடர். தாழ்ந்த மேடு என்பதனை அழுத்திக் கூறுகின்றோம். ஆலங்குடா, கண்டக்குளிப் பக்கங்களில் உள்ளவை மணல்மேடுகளேயன்றி மலைகள் அல்ல. இம்மாவட்டத்துக் கரையில் உயர்ந்த செம்மண் முகப்பு உடையது வில்பத்துவின் கடலோரத்தில் உள்ள குதிரைமலை. உரோமர் காலத்துப் பிளினி குறிக்கும் ஹிப்புரோஸ் துறை இதுவே எனக் கருதுவாரும் உளர். ஆயினும் அது தேசியப் பூங்காவினுள் அடங்கிய இடம், விளையாட்டுக்கு உரியதன்று.

இனி, காற்று மேட்டில் மோதும்போது நிகழ்வதைக் காண்பாம். எதிர்ப்பட்ட தடையை ஊடுருவ இயலாத காற்று அதன்மேல் ஏறிக் கடக்கின்றது. அவ்வாறு ஏறும் காற்றின் மேல்நோக்கிய வேகம், கிளைடர் இயல்பாகக் கீழிறங்கும் வேகத்தைவிட மிகுமாயின் கிளைடர் உயரும், ஒக்குமாயின் நிற்கும், குறையுமாயின் இறங்கும். இந்நிலையில், கிளைடர் எக்கணமும் கீழ்நோக்கிச் சறுக்கிக்கொண்டே இருக்கின்றது. அது சறுக்கும் காற்று மேலே போய்க்கொண்டிருக்கின்றது, அவ்வளவே. ஏறும் படிக்கட்டில் ஒருவன் இறங்கிக்கொண்டே ஒரே உயரத்தில் நிற்பதனை ஒக்கும் இது. செம்பருந்து சிறகசையாது கரையோரத்தில் நிற்பதும் இதனாலேயே.

விநாடிக்கு நான்கு மீற்றர் வேகமுள்ள காற்று, இருபத்தைந்து பாகைச் சரிவுள்ள மேட்டின்மேற் சரிவை ஒட்டியே ஏறுமாயின், அதன் மேல்நோக்கிய பங்கு விநாடிக்கு ஏறத்தாழ 1.7 மீற்றர். மேட்டின் முகப்பை விட்டு விலக விலக அது குறையும். கிளைடர் பறக்கும் உயரத்தில் அதிற் பாதி கிடைப்பதே பெரிது. ஆதலின் விநாடிக்கு அரை மீற்றரளவில் இறங்கும் கிளைடர் பிழைக்கும். ஒரு மீற்றர் இறங்குவது வீழும். நம் கரையிற் கிளைடருக்குக் கிடைக்கும் இடைவெளி இத்துணைச் சிறிது.

இறங்கும் வேகத்தைத் தீர்மானிப்பவற்றுள் தலையாயது சிறகுச் சுமை. கிளைடரின் முழு நிறையைச் சிறகின் பரப்பாற் பிரித்தால் வருவது அது. பத்துச் சென்ரிமீற்றர் நீளமும் அவ்வளவே அகலமும் உடைய சதுரம் ஒரு சதுர தெசிமீற்றர். அத்தகைய சதுரம் ஒவ்வொன்றும் எத்தனை கிராம் நிறையைத் தாங்குகின்றது என்பதே கணக்கு. ஒன்றரை மீற்றர் நீளமும் 18 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள சிறகின் பரப்பு 27 சதுர தெசிமீற்றர். கிளைடரின் நிறை 350 கிராமாயின் சிறகுச் சுமை ஏறத்தாழ 13 கிராம். கடைக்காரர் இதனைக் கூறார். பெட்டியின்மேல் அச்சிட்ட நிறையையும் பரப்பையும் கொண்டு வாங்குவோரே பிரித்துக் காணல்வேண்டும். ஐந்தாம் வகுப்புக் கணக்கே இது.

சிறகுச் சுமைக்கும் வேகத்துக்கும் உள்ள தொடர்பு வர்க்கமூலத் தொடர்பு. சுமை நான்கு மடங்கானால், வீழாது பறப்பதற்கு வேண்டிய மிகக் குறைந்த வேகம் இரு மடங்காகும். நம் கரையின் வெப்பக் காற்றில், சுமை 12 கிராமாயின் அவ்வேகம் விநாடிக்கு ஐந்து மீற்றருக்குச் சற்றுக் குறைவு; 20 கிராமாயின் ஆறு மீற்றர்; 40 கிராமாயின் ஒன்பது மீற்றருக்கு அண்மை. மூவர் வாங்கிய போர்விமானச் சாயல் கிளைடர் இக்கடைசி இனத்தது. வேகம் மிகுந்தால் இறங்குதலும் மிகும். முன்னோக்கிப் பத்து மீற்றர் செல்ல ஒரு மீற்றர் இறங்குவனவாகிய இரு கிளைடர்களை எடுத்துக்கொண்டால், ஆறு மீற்றர் வேகத்தது விநாடிக்கு 0.6 மீற்றர் இறங்கும். ஒன்பது மீற்றர் வேகத்தது 0.9 மீற்றர் இறங்கும். முன்சொன்ன சிறிய இடைவெளியில் முன்னையது அரிதின் நிற்க, பின்னையது நிற்கமாட்டாது.

திரும்புதலை விற்பனைத்தாள் எதுவும் கூறுவதில்லை. தாழ்ந்த மேட்டில் மேலெழும் காற்று, மேட்டை ஒட்டிய ஒடுங்கிய ஒரு பட்டியாகவே உள்ளது. கிளைடர் அப்பட்டியில் இங்குமங்கும் உலாவவேண்டும். ஒவ்வொரு கோடியிலும் திரும்பவேண்டும். முப்பது பாகை சரிந்து திரும்பும் கிளைடர், விநாடிக்கு ஐந்து மீற்றர் வேகத்திற் சென்றால் அது இடும் வட்டத்தின் ஆரை ஏறத்தாழ நாலரை மீற்றர். ஒன்பது மீற்றர் வேகத்திற் சென்றால் ஆரை பதினான்கு மீற்றருக்கு மேல். முன்னையது பட்டிக்குள்ளேயே திரும்பிக்கொள்ளும். பின்னையது திரும்பி முடிப்பதற்குள் பட்டியைக் கடந்து அலைகளின் மேல் நிற்கும். அங்கே ஏறும் காற்று இல்லை.

காற்றைவிடச் சிறகை நம்பவேண்டும் என்பதற்குப் பறத்தல் வரலாறும் சான்று. 1911ஆம் ஆண்டு ஒக்டோபர் 24ஆந் தேதி, வட கரோலினாவிற் கடலோர மணற்குன்றாகிய கில் டெவில் ஹில்லில், ஓர்வில் றைற் இயந்திரமில்லா விமானத்தில் 9 நிமிடம் 45 விநாடி மிதந்தார். அன்று அங்கு வீசியது கடுங்காற்று. ஏறத்தாழப் பத்தாண்டுகள் அதனை எவரும் விஞ்சவில்லை. பின்னர் ஜெர்மனியின் வாஸர்குப்பே மலையில் மாணவர் கூடி வடித்த வாம்பயர் என்னும் கிளைடரில், 1922 ஓகஸ்ட் 18இல் ஆர்தர் மார்ட்டென்ஸ் ஒரு மணிக்கு மேல் பறந்தார். சில நாட்களில் ஹென்ட்ஸென் அதனை மூன்று மணியாக்கினார். றைற் ஏறியது இரட்டைத் தட்டுச் சிறகும் கம்பிகளும் கொண்டது. வாம்பயரோ 12.6 மீற்றர் நீண்ட ஒற்றைச் சிறகு உடையது. அதனை ஆக்கியவர் பல்கலைக்கழக மாணவர் என்பதை எம் மாணாக்கர்க்கு அடிக்கடி நினைவூட்டுவதுண்டு.

இனிக் கடைகளிற் காணப்படுவனவற்றுள் எது ஏற்றது என ஆராய்வாம். போர்விமானச் சாயல் உடையனவற்றை முதற்கண் விலக்குக. அழகு அவற்றுக்கு உண்டு, பரப்பு இல்லை. வட்டெறிவதுபோற் சிறகின் நுனியைப் பற்றிச் சுழற்றி எறியும் இனம் ஒன்றுண்டு. ஒன்றரை மீற்றர்ச் சிறகும் முந்நூறு கிராமுக்கு உட்பட்ட நிறையும் உடைய அவை மென்காற்றில் ஒப்பற்றவை. ஆயின் கரி இழையால் ஆக்கப்படுதலின் விலை மிகுந்தவை, முதல் வீழ்ச்சியிலேயே முறிபவை. பழகியவர்க்கு அது பொன். பழகுநர்க்கு அது கண்ணாடி. வாலில்லாத பறக்குஞ் சிறகு இனம் வீழ்ச்சியைத் தாங்கும். ஆயின் அவற்றுட் பல கடுங்காற்றுக்கென்றே பாரமாக ஆக்கப்பட்டவை. மென்காற்றுக்கு உரிய விதிவிலக்காக, அமெரிக்காவின் டிரீம்-பிளைட் நிறுவனம் வெளியிட்ட அலூலா என்பது ஏறத்தாழ 90 சென்ரிமீற்றர்ச் சிறகும் இருநூறு கிராமுக்குக் குறைந்த நிறையும் கொண்டு, கையால் எறிந்து கையாற் பற்றத்தக்கதாய் அமைந்தது. அலூலா என்பது பறவைச் சிறகின் பெருவிரலிடத்துள்ள சிற்றிறகுக்குப் பெயர். பெயரிட்டவர் பறவையை நன்கு நோக்கியவராதல் வேண்டும்.

எம் தேர்வு யாதெனின், ஒன்றரை முதல் இரண்டு மீற்றர் வரை சிறககலமும், நுனிகள் மேல்நோக்கி மடிந்த சிறகும், சுக்கான் ஒன்றும் வாலில் ஏற்றியிறக்கும் தட்டு ஒன்றும் ஆக இரண்டே இயக்கமும் உடைய எளிய கிளைடர். சிறகு நுனி மேல்மடிந்திருத்தலின், காற்று ஒரு புறம் சாய்த்தாலும் தானே நிமிரும். பழகுநன் கை தடுமாறும்போது விசையை விட்டுவிட்டாற் போதும், கிளைடர் தன்னைத்தானே காத்துக்கொள்ளும். கார்ள் கோல்ட்பேர்க் நிறுவனத்தின் ஜென்றில் லேடி என்னும் இரண்டு மீற்றர்ப் பல்சாமரக் கிளைடர் இவ்வினத்தின் பெயர்பெற்ற முன்மாதிரி. சிறகுச் சுமை 12 முதல் 20 கிராமுக்குள் அமைதல் நன்று. 25ஐத் தாண்டினால் நம் மேட்டுக்கு ஆகாது. 10க்குக் கீழே போவதும் நன்றன்று. அத்தகையது சிறிது காற்று மிகுந்தாலும் முன்செல்ல வலியின்றிப் பின்னோக்கி அடித்துச் செல்லப்படும். இலேசானதை வாங்கிக் காற்று மிகும் நாளில் ஈயத்துண்டு அல்லது மணற்பொதி கட்டிப் பாரமேற்றலாம். பாரமானதை இலேசாக்க வழியில்லை.

மோட்டாரும் மடியும் விசிறியும் பொருத்திய நுரைக் கிளைடர்களைப் பற்றியும் கேட்கின்றனர். மல்ட்டிபிளெக்ஸ் நிறுவனத்தின் 1.8 மீற்றர் ஈசி கிளைடர், பார்க்சோனின் 2 மீற்றர் றேடியன் முதலியன இவ்வினத்தின. காற்று ஓய்ந்தபோது கடலினின்று கரைசேர்க்க மோட்டார் உதவும் என்பது உண்மை. தூய கிளைடர் அன்று என்று இவற்றை இகழ்வாரோடு யாம் உடன்படோம். கடலிற் போன கிளைடரிற் தூய்மை எங்கே? எனினும் மோட்டார், பற்றறி ஆகியவற்றின் பாரம் மேட்டுக்காற்றில் மிதக்கும் ஆற்றலைக் குறைக்கின்றது, விலையையும் கூட்டுகின்றது. தனி மாணாக்கன் மோட்டாரில்லாததையும், கழகம் பொதுவாக மோட்டாருள்ள ஒன்றையும் கொள்வது தகும். வெளிநாட்டுப் பழைய மாணவர் பரிசளிக்க விரும்பின் இப்பிந்தியதையே கொணர்க.

பணம் குறைந்தவர் கிளைடரின் உடலைத் தாமே செய்துகொள்ளலாம். போம் பலகையில் மடித்தாக்கிய சிறகும், அதனுள்ளே முதுகெலும்பாக இட்ட மூங்கிற் சிலாகையும் ஒரு பருவத்துக்குத் தாராளமாகப் போதும். பெட்டிகளிற் பொதிந்து வரும் வெண்ணிற றெஜிபோம் எளிதில் உடையும், ஈ.பி.பி. என்னும் நுரையோ அமுக்கினாலும் மீண்டு நிமிர்வது, வீழ்ச்சிக்கு அஞ்சாதது. றெஜிபோமில் உடனொட்டும் பசையை இட்டால் நுரை கரைந்து குழிவிழும், வெண்பசையே இடுக. கருநிறம் வெயிலிற் சூடேறி நுரையை நெளிக்குமாதலின் மேற்புறத்தைச் செம்மஞ்சளாகவும், வானத்தை நோக்கிப் பார்ப்பார்க்குத் துலங்கும்படி அடிப்புறத்தில் மட்டும் கரும்பட்டையும் தீட்டுக.

பணத்தைச் செலவிடவேண்டிய இடம் வேறு. செலுத்தி, வாங்கி, சுக்கானை அசைக்கும் இரண்டு சேர்வோக்கள், பற்றறி, அதனை மின்னேற்றும் கருவி ஆகிய ஐந்துமே அவ்விடம். கிளைடர் உடையும், செலுத்தி பத்து ஆண்டு நிற்கும். அதனை 2.4 கிகாஹேட்ஸ் அலையிற் செயற்படுவதாக வாங்குக. பழைய 27, 35, 72 மெகாஹேட்ஸ் செலுத்திகளில் இருவர் ஒரே அலைவரிசையைப் பயன்படுத்தினால் ஒருவர் விமானம் வீழும். புதிய முறையில் அத்தொல்லை இல்லை. ஒன்பது கிராம் நிறையுள்ள சிறு சேர்வோக்கள் இரண்டு போதும். விலையின் தொகையை ஈண்டுக் குறிக்கவில்லை. ரூபாவின் பெறுமதி மாறும் வேகத்துக்கு அச்சு இயந்திரம் ஈடுகொடாது. கையிலுள்ள பணத்திற் பாதிக்கு மேற்பட்டதைச் செலுத்திக்கும் மின்னேற்றும் கருவிக்கும் ஒதுக்குக என்பதே எம் ஆலோசனை.

பறப்பதற்கு முன் காற்றை அளத்தல் வேண்டும். கருவி வேண்டியதில்லை, பிரான்சிஸ் போபோட் 1805இல் வகுத்த அளவை போதும். முகத்திற் காற்றுப் படுவது தெரிந்து இலைகள் சலசலத்தால் அது இரண்டாம் தரம், விநாடிக்கு 1.6 முதல் 3.3 மீற்றர், மேட்டில் மிதக்கப் போதாது. இலைகளும் சிறு கொப்புக்களும் ஓயாது அசைந்து, மெல்லிய கொடி விரிந்து நின்றாற் மூன்றாம் தரம், 3.4 முதல் 5.4 மீற்றர், நமக்கு உரிய காற்று அதுவே. அலைகளின் தலையில் வெண்ணுரை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தோன்றத் தொடங்குவதும் அத்தரத்தில். வெண்ணுரை அடுத்தடுத்து மிகுந்தால் நான்காம் தரம். அப்பொழுது பாரமேற்றாமல் ஏவற்க.

சிறகின் முன்விளிம்பிலிருந்து அகலத்தின் மூன்றிலொரு பங்கில் இரு விரல்களால் தாங்கினாற் கிளைடர் சமனாக நிற்கவேண்டும். வால் தாழ்ந்தால் மூக்கிற் பாரம் சேர்க்க. காற்றுக்கு நேர் எதிராக, மூக்குச் சற்றே தாழ்ந்திருக்கும்படி எறிக. திரும்பும்போதெல்லாம் கடலை நோக்கியே திருப்புக; மேட்டை நோக்கித் திருப்பினால் காற்று பின்னிருந்து தள்ள, கிளைடர் மணலில் மோதும் அல்லது மேட்டைக் கடந்து பின்புறம் போகும். பின்புறத்திற் காற்று சுழன்று கீழிறங்குகின்றது. அங்கே எந்தக் கிளைடரும் நில்லாது. புதியவர் பெரும்பாலும் கிளைடரை இழப்பது அங்கேதான்.

இடத்தைப் பற்றியும் கூறவேண்டும். கடல் அமைதியாயிருக்கும் அதே மாதங்களிற்றான் கரைவலைத் தொழிலும் நடைபெறுகின்றது. அம்பா பாடி வலையிழுக்கும் மீனவர் இரு கயிற்றிலும் நிரைநிரையாக நிற்க, அவர் தலைக்குமேல் கிளைடரைச் சுழற்றுவது தகாத செயல். முந்நூறு கிராம் என்றாலும் விநாடிக்கு ஆறு மீற்றர் வேகத்தில் வருவது கண்ணைக் கெடுக்கப் போதும். வாடியிலுள்ள பெரியவரிடம் முன்கூட்டி வினவி, வலை வளைக்காத இடத்தையும் நேரத்தையும் கொள்ளுக. கரை அவர்களுக்குத் தொழிலிடம்; நமக்கு விளையாட்டிடம். இதுவரை எவரும் எம்மை மறுத்ததில்லை. கிளைடர் கடலில் வீழ்ந்தபோது தோணி தள்ளி எடுத்துத் தந்ததும் உண்டு. மணல்மேட்டைப் பிடித்து நிறுத்துவன அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் ஆதலின், அவற்றை மிதித்து வழியாக்காது ஏற்கெனவே உள்ள ஒற்றையடிப் பாதையிலேயே ஏறுக.

சட்டத்தையும் மறத்தல் கூடாது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்களின் பின் ஆளில்லா வானூர்திகளைப் பறக்கவிடுதல் நாடு முழுவதும் சிறிதுகாலம் இடைநிறுத்தப்பட்டிருந்தது. இவ்விதிகள் காலந்தோறும் திருத்தப்படுவன. ஆதலின் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையிடம் நடப்பு விதியையும், செலுத்தியை வெளிநாட்டினின்று கொணர்வார் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் அனுமதி வேண்டுமா என்பதையும் முன்னரே கேட்டறிக. பாலாவியில் விமானப்படைத் தளமும், கற்பிட்டிக் கோட்டையிற் கடற்படையினரும், நுரைச்சோலையில் மின்னிலையமும் இருத்தலின் அவ்விடங்களை அண்டாதிருத்தல் நன்று. காற்றாலைகளின் அருகும் வேண்டா.

உப்பும் மணலுமே இக்கரையிற் கிளைடரின் முதற் பகைவர். கடலில் வீழ்ந்த கிளைடரின் பற்றறியை உடனே கழற்றுக. உப்புநீர் மின்னோட்டம் உள்ளபோது கம்பிகளை விரைந்து அரிக்கும். பின்னர் நன்னீரில் வாங்கியையும் சேர்வோவையும் தயங்காது அலசி, வெயில் நேரே படாத இடத்தில் இரண்டு நாள் உலர்த்துக. நீர் பட்டு ஊதிய இலிதியம் பற்றறியை மீண்டும் மின்னேற்றாது விலக்குக. கிளைடரை மூடிய வாகனத்துள் வெயிலில் விட்டுச் செல்லற்க. நுரைச் சிறகு நெளிந்துவிடும்.

ஒன்றரை மீற்றர்ப் போம் பலகைக் கிளைடருக்குக் கழகத்து மாணாக்கர் வரைந்த முழு அளவு வரைபடம் பாடசாலை நூலகத்தில் உள்ளது. வேண்டுவோர் படியெடுத்துக் கொள்ளலாம். சித்திரை விடுமுறைக்கு முன் செய்து முடிக்க விரும்புவோர் மாசி மாதத்திலேயே தொடங்குக. பசை உலர்வதற்கு மாணாக்கர் நினைப்பதினும் அதிக நாள் செல்லும்.